கருப்பட்டியின் நகங்கள்

ஜூன் 9, திங்கள்

சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். வாசல் நிலையின் உள்பக்கம், முழங்காலுக்குக் கீழே, தேக்கில் நீளநீளமாகக் கோடுகள். தரையில் மரத்தூள். காலையில் நான் கிளம்பும்போது இது இல்லை. துறைமுகத்தில் கன்டெய்னர் சீல்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் இது. ஒரு கோடு புதிதா பழையதா என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மனைவி பியூலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பூனைன்னா பிறாண்டத்தானே செய்யும். கை கால் கழுவிட்டு வாங்க, காப்பி ஆறுது" என்றாள்.

பிறாண்டும். அது தெரியும். சோபாவின் ஒரு கை நார்நாராகத் தொங்குகிறது. ஆனால் இரண்டு வருடமாக வாசல் நிலையைத் தொடாத பூனை இன்றைக்கு ஏன் தொட்டது?

கருப்பட்டி என்னுடைய பூனை இல்லை. கருப்பட்டி நிறத்தில் உள்ளங்கை அளவு குட்டியாக மழையில் நனைந்து இந்த வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவள் இப்போது இங்கே இல்லை. பூனை இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 11, புதன்

நிலையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தேன். முதுகு வலி.

ஜூன் 12, வியாழன்

புது வார்னிஷ் மேலேயே பிறாண்டியிருக்கிறது. முன்னைவிட ஆழமாக. மிதியடியில் ஒரு நகம் கிடந்தது. வளைந்து, உள்ளே கூடாக, மீன் செதில் போலக் கண்ணாடி நிறத்தில். பூனைக்கு நகம் கழன்று விழுகிற அளவுக்கு என்ன நடந்தது இந்த வீட்டில்?

"பகல்ல யாரும் வந்தாங்களா?" என்று பியூலாவிடம் கேட்டேன்.

"யாரு வருவா? கேஸ்காரன் வந்தான், போனான்."

சொல்லும்போது அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பு ஏற்கனவே சுத்தமாக இருந்தது.

ஜூன் 14, சனி

கருப்பட்டியைக் கூடையில் போட்டு கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். டாக்டர் வளர்மதி. சின்ன வயது. ஊர் சேலம் பக்கமாம். நகத்தையெல்லாம் ஒரேயடியாக எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன்.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், கையைக் கொடுங்க" என்று என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, கடைசிக் கணுவில் தன் விரலால் ஒரு கோடு போட்டார். "இங்க வெட்டணும். பூனைக்கு நகம் தனியா இல்ல, விரல் நுனி எலும்புலேர்ந்தே முளைக்குது. அது நடக்கறதே விரல்லதான். நான் செய்ய மாட்டேன். செய்யறேன்னு சொல்றவங்ககிட்டயும் போகாதீங்க."

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

பிறகு கருப்பட்டியின் முன்காலைப் பிடித்து மெல்ல அமுக்கினார். உறையிலிருந்து கத்தி வருவதுபோல நகம் வெளியே வந்தது. விட்டதும் உள்ளே போய்விட்டது. மிதியடியில் கிடந்தது முழு நகம் இல்லையாம், மேல் தோடுதானாம். பழைய தோட்டைக் கழற்றிப் புது நகத்தை வெளியே கொண்டுவரத்தான் பிறாண்டுமாம். தூங்கி எழுந்து உடம்பை நீட்டி முறிக்கவும் பிறாண்டுமாம்.

"இன்னொண்ணும் இருக்கு. பாதத்துல வாசனை சுரக்கும். பிறாண்டற இடத்துல அந்த வாசனை ஒட்டிக்கும். இது என் இடம்னு எழுதி வெக்கற மாதிரி."

"வாசல் நிலையில மட்டும் ஏன்?"

"வீட்டுக்குப் புதுசா யாராவது வந்து போறாங்களா? வேற வாசனை உள்ள வந்தா வாசல் பக்கம் பிறாண்டும். பயத்துல மட்டும்னு நினைக்காதீங்க. ரொம்பப் பிடிச்சவங்க வந்தாலும் சந்தோஷம் தாங்காம ஓடிப்போய்ப் பிறாண்டற பூனைங்க உண்டு."

கடைசியில் சொன்னது எங்களுக்குப் பொருந்தாது. நான் வீட்டுக்கு வரும்போது அது தலையைக்கூடத் தூக்குவதில்லை. முதலில் சொன்னதுதான் மனதில் நின்றது. புதிதாக யாரோ.

கிளம்பும் முன் நகத்தையாவது கொஞ்சம் வெட்டிவிடச் சொன்னேன். டாக்டர் ஒவ்வொரு விரலாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏற்கனவே வெட்டியிருக்கே சார். ரெண்டு மூணு நாள்தான் இருக்கும். உள்ள ரோஸ் கலர்ல தெரியுது பாருங்க, அது ரத்தக்குழாய். அதைத் தொடாம நுனியை மட்டும் அழகா எடுத்திருக்காங்க. வீட்டுல யாரு இவ்வளவு பழக்கமான கை?"

கூடையை மூடிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் பியூலாவைக் கேட்டேன். "நான்தான் வெட்டுனேன்" என்றாள்.

"எதுல?"

"உங்க நகவெட்டியிலதான்."

என் நகவெட்டி என் ஆபீஸ் பையில் இருக்கிறது. பியூலா இந்தப் பூனைக்குச் சோறு வைப்பாள், பால் வைப்பாள். அதன் காலைத் தொட்டால் மட்டும் உடம்பு கூசுகிறது என்று ஓடிவிடுவாள். அவளா நகம் வெட்டினாள்?

பையில் நகவெட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

டாக்டர் சொன்னபடி ஒரு பிறாண்டுகட்டை செய்தேன். பூனை எழுந்து நின்று கையை முழுக்க நீட்டினாலும் எட்டாத உயரம் இருக்க வேண்டுமாம். ஆடவும் கூடாதாம். ஆபீஸ் குடோனில் கிடந்த மரக்கட்டை ஒன்றைப் பலகையில் அறைந்து, தேங்காய்நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றினேன். வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். எந்த இடத்தில் பிறாண்டுகிறதோ அந்த இடத்தில்தான் வைக்க வேண்டுமாம், மூலையில் வைத்தால் சீந்தாதாம்.

கருப்பட்டி வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் படுத்துத் தூங்கியது.

ஜூன் 19, வியாழன்

கட்டையில் நார் பிய்ந்து தொங்குகிறது. நேற்றும் முந்தாநாளும் தொடவே இல்லை. இன்றைக்கு மட்டும்.

மாடி வீட்டில் எபநேசர் என்று ஒரு பையன் குடியிருக்கிறான். மாட்டு மருந்து, கோழி மருந்து விற்கிற கம்பெனியில் வேலை. பைக்கில் ஊர் சுற்றுவான். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவான். இன்று நான் படியேறும்போது அவன் ஏதோ சொல்ல, பியூலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னைக் கண்டதும் நின்றுவிட்டது. மருந்து விற்கிறவனுக்கு மிருகங்களின் நகம் வெட்டத் தெரியாமலா இருக்கும்?

அவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நான் தவறாக எதையும் நினைக்கவில்லை. கவனிக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போது எபநேசரைக் காப்பி குடிக்க வரச் சொன்னேன். வந்தான். பியூலா அடுக்களையில் இருந்தாள். நான் சும்மா போகிறதுபோலப் போய்க் கருப்பட்டியைத் தூக்கிவந்து அவன் மடியில் வைத்தேன்.

பழகிய ஆளாக இருந்தால் பூனை காட்டிக்கொடுத்துவிடும் என்பது என் கணக்கு.

பூனை அவன் மடியில் நகத்தை ஊன்றி எழும்பித் தோளில் ஏறிக் குதித்து ஓடியது. அவன் ஒரு தும்மல் போட்டான். பிறகு நிற்காமல் தும்மினான். கண் இரண்டும் சிவந்து தக்காளிபோல வீங்கிவிட்டது.

"அங்கிள், எனக்குப் பூன முடி ஆவாது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். அதான் நான் ஒங்க வீட்டுக்குள்ள வாறதே இல்ல" என்றான் மூக்கைப் பிடித்துக்கொண்டு.

பியூலா காப்பித் தட்டோடு நின்று என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எபநேசர் இல்லை. அப்படியானால் வேறு யாரோ.

ஜூன் 23, திங்கள்

பியூலா பேசவில்லை. உப்புமாவுக்குச் சட்னி இல்லை. கட்டையில் புதுப் பிறாண்டல்.

ஜூன் 26, வியாழன்

நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியில் பாதியைக் காணவில்லை. எனக்கு ரத்தக் கொதிப்பு, நான் தொடுவதில்லை. பியூலா ஊறுகாய் விரும்பிச் சாப்பிடுகிறவள் இல்லை. குப்பைக்கூடையில் மாங்காய்த் தோல் கிடந்தது. சாளை மீன் வாங்கிய நாளில் எனக்குக் குழம்பு மட்டும் வந்தது. பொரித்தது எங்கே என்று கேட்டேன். "கருகிப்போச்சு, பூனைக்குப் போட்டுட்டேன்" என்றாள்.

சாயங்காலம் கருப்பட்டியைத் தேடியபோது உள் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அந்த அறையைச் சாத்தச் சொன்ன நாளிலிருந்து நான் அதற்குள் போனதில்லை. எட்டிப் பார்த்தேன். மின்விசிறியில் தூசி இல்லை. கட்டிலில் துவைத்த விரிப்பு. இரண்டு தலையணைகளை முதுகுக்குச் சாய்த்து அடுக்கி வைத்திருந்தது. அதன் மேல் பூனை, முன்கால்களை மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, தொண்டைக்குள் குறுகுறுவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

யார் இங்கே வந்து சாய்ந்து உட்காருகிறார்கள்?

ஹெப்சியின் அறை அது.

ஜூன் 30, திங்கள்

மத்தியானம் ஆபீசிலிருந்து பியூலாவுக்குப் போன் போட்டேன். நான் மத்தியானம் போன் செய்கிற ஆள் இல்லை. எடுக்க நேரமாயிற்று.

"என்னங்க, ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. பியூலா எதிரே யாருக்கோ சைகை காட்டுகிறாள் என்பது அவள் குரல் நிதானப்பட்ட விதத்திலேயே தெரிந்தது. முப்பது வருடம் கூட இருந்தவனுக்கு இது தெரியாதா?

வியாழக்கிழமை பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். திங்களும் வியாழனும்தான் பிறாண்டுகிறது.

ஜூலை 3, வியாழன்

காலையில் வழக்கம்போலக் கிளம்பி, தெருமுனை சுற்றி, முத்துக்குட்டி சலூனுக்குள் நுழைந்தேன். எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் கடை அது. ஆபீசுக்கு வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிட்டேன். சவரம் செய்யச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தால், கண்ணாடியில் எங்கள் வாசல் அப்படியே தெரிகிறது.

முத்துக்குட்டி பேசிக்கொண்டே இருந்தான். மாதா கோயில் திருவிழா வருகிறது, கூட்டம் வந்துவிடும் என்றான். நான் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சவரம் முடிந்தது. முடி வெட்டச் சொன்னேன். அதுவும் முடிந்தது. தலையைப் பிடித்துவிடச் சொன்னேன்.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு குடை வெளியே வந்தது. பிறகு ஒரு கை, ஆட்டோக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. இறங்கியவள் இடுப்பில் கையை ஊன்றி ஒரு நிமிடம் நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. பியூலா ஓடிவந்து பையை வாங்கினாள். வாசலுக்குள்ளே கருப்பட்டி வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து அவள் காலைச் சுற்றியது. பிறகு ஓடிப்போய் நான் கட்டிய கட்டையில் தாவி, இரண்டு கையாலும் பிறாண்டு பிறாண்டென்று பிறாண்டியது. தெருவுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். அவள் குனிய முடியாமல், நின்றபடியே அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏழாம் மாசமா அண்ணாச்சி?" என்றான் முத்துக்குட்டி, என் தலையில் விரலை ஓட்டிக்கொண்டே.

நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாரத்துல ரெண்டு நாளு பிள்ள வருதாளே. வெயில்ல ஆட்டோவுல வர வேண்டாம், இங்கனயே வந்து இருன்னு சொல்லப்படாதா? தாய் வீட்டுக்கு என்ன வாறதும் போறதும்?"

தெருவுக்கே தெரிந்திருக்கிறது. சீல் பார்க்கிறவனுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். என்ன நினைத்தேன் என்று எழுதப்போவதில்லை. ஆபீஸ் விடுகிற நேரத்துக்கு வீடு வந்தேன்.

பியூலா காப்பியைக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"காலம்பற தாடியோட போனீய. எங்க செரச்சீய?"

"வெளியிலதான்."

கதவு வழியாக எதிர்ச் சாரியை ஒரு முறை பார்த்தாள். அதற்குமேல் கேட்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஆபீசில் ஒரு பில்லில் தேதி மாற்றிப் போட்டுவிட்டேன். கூட இருக்கிறவர்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

ஹெப்சி கட்டிக்கொண்ட மிக்கேல் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். எங்கள் சபை இல்லை, எங்கள் ஆட்களும் இல்லை. நான் வேண்டாம் என்றதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை.

ஏழாம் மாதத்தில் ஆட்டோவில் அந்த ரோட்டில் வரலாமா? பாலத்துக்கு இறங்குகிற இடத்தில் ஒரே பள்ளம்.

ஜூலை 5, சனி

டாக்டர் வளர்மதிக்குப் போன் செய்தேன்.

"மேடம், ஒரு கர்ப்பிணிப் பொண்ணு பூனைக்கு நகம் வெட்டலாமா? பிறாண்டிட்டா ஆபத்தா?"

"யாரு சார், உங்க பொண்ணா?"

"தெரிஞ்சவங்க."

"பூனையோட இருக்கறதுல பயமில்ல. ஆனா அது கக்கா போற மண்தட்டை அவங்க அள்ளக் கூடாது, வேற யாராவது செய்யணும். தொட்டா கை கழுவணும். கீறல் பட்டா உடனே சோப்புப் போட்டுக் கழுவிட்டு அவங்க டாக்டர்கிட்டச் சொல்லணும். நகம் வெட்டறதை வேற யாராவது செஞ்சா நல்லது. ஏன் சார், நீங்களே கத்துக்கலாமே?"

கத்துக்கொள்வது என்று போனேன். பூனைக்கென்று தனிக் கத்தரி இருக்கிறது. மனிதர்களின் நகவெட்டியில் நகம் பிளந்துபோகுமாம். அவரே எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தார். தூக்கம் வருகிற நேரத்தில், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு விரல் போதும், அவசரப்படக் கூடாது. அது காலை இழுத்தால் விட்டுவிட வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

மத்தியானம் கருப்பட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் விரல் சரியாக வந்தது. இரண்டாவது விரலுக்கு அது காலை இழுத்தது. நான் விடவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே கோடாக இழுத்துவிட்டது. ரத்தம் வந்தது.

பியூலா சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து என் கையைப் பிடித்துக் கழுவினாள்.

"இத ஹெப்சி செய்வா. உங்களுக்கு என்னத்துக்கு?" என்றாள்.

வீட்டுக்குள் அந்தப் பேரைச் சத்தமாகக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

"அவ செய்யப்படாது. டாக்டர் சொன்னா" என்றேன்.

அவள் கை நின்றது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு குழாயை மூடினாள்.

"சலூன்ல இருந்து பாத்தீயளா?"

"ம்."

"பாத்துட்டும் உள்ள வரல."

நான் கையை இழுக்கப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"அந்தப் பையனக் கூப்பிட்டு மடியில பூனையத் தூக்கிப் போட்டீயளே, என்னத்துக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீயளா? இந்த வயசுல என்னைய அப்படிப் பாக்க முடிஞ்சுது. பெத்த மக வந்திருப்பாளோன்னு ஒரு நாளு ஒங்களுக்குத் தோணல."

"சந்தேகம்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா பாத்தேன்."

"அன்னைக்கு மாலையும் கழுத்துமா வந்து வாசல்ல நின்னா. நீங்க கதவத் தொறக்கல. ஒங்களுக்குப் பயந்து நானும் தொறக்கல. இப்ப தொறந்துட்டேன், அவ்வளவுதான்." குரல் ஏறவே இல்லை. "செப்டம்பர்ல நாளு. தலப்பிரசவம். நான் அவள இங்கன கூட்டிட்டு வருதேன். வேண்டாம்னு சொன்னீயன்னா நான் அங்கன போயிருவேன். ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லுங்க. மூணாவது ஒண்ணு இல்ல."

துண்டை என் கையில் சுற்றிவிட்டு எழுந்து போனாள். முப்பது வருடத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியது இல்லை. போகிறேன் என்று சொன்னால் போய்விடுவாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜூலை 7, திங்கள்

மத்தியானம் ஆபீசில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சாவி பையில் இருந்தது. ஆனாலும் மணியை அடித்தேன்.

உள்ளே பேச்சு நின்றது. பாத்திரம் ஒன்று உருண்டது. கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஹெப்சிதான் திறந்தாள். சோற்றுக் கை. முகம் சதைபிடித்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என்னைக் கண்டதும் ஒரு எட்டுப் பின்னால் போனாள். மற்றக் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. என்னைப் பார்த்து என் மகள் வயிற்றை மறைத்தாள்.

வழியெல்லாம் ஒரு வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். அது வரவில்லை.

"வாங்கப்பா" என்றாள்.

என் வீட்டுக்குள் என்னை அவள் வரவேற்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பியூலா இன்னொரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சோறு, புளிக்குழம்பு, முட்டைப் பொரியல். உட்கார்ந்தேன். ஹெப்சியும் எதிரே மெல்ல உட்கார்ந்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"கையில என்னப்பா?"

"பூன."

"நகம் வெட்டப் போனீயளா?" எட்டி, மேசைக்கடியில் கிடந்த கருப்பட்டியின் முன்காலை இடது கையால் பிடிக்கப் போனாள்.

"தொடாத. நான் வெட்டிக்கிடுதேன். மண்தட்டயும் நீ தொடப்படாது, கேட்டியா?" கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"அவனுக்கு என்ன மீன் பிடிக்கும்?" என்று கேட்டேன்.

"எவனுக்கு?"

"மிக்கேலுக்கு. ஞாயித்துக்கெழம வாங்கணும்லா."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது அவளுக்கு. "அவுக கடக்கரைக்காரவுகப்பா. ஒங்களுக்கு மீனு வாங்கத் தெரியாதுன்னு சிரிப்பாவ" என்றாள். பியூலா தண்ணீர் எடுக்கப் போகிறதுபோல அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மிக்கேல் வந்தான். பெரிய ஊளி மீன் ஒன்றை ஓலைப் பெட்டியில் கொண்டுவந்தான். கையில் கிரீஸ் போகக் கழுவியிருக்கிறான், நகக்கண்ணில் மட்டும் கறுப்பு நிற்கிறது. அதிகம் பேசவில்லை. "மாமா" என்று ஒரு தடவை சொன்னான், அதையும் தரையைப் பார்த்து. நானும் எஞ்சின் பற்றி ஏதோ கேட்டேன், அவன் ஏதோ சொன்னான்.

ஹெப்சியின் துணிப்பெட்டியை ஆட்டோவிலிருந்து அவனே இறக்கி உள் அறையில் வைத்தான். எழுந்து உட்கார வசதியாகக் கட்டிலை அவனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஜன்னல் ஓரம் நகர்த்திப் போட்டோம்.

சாப்பிடும்போது கவனித்துக்கொண்டேயிருந்தேன். மீனில் நடுத்துண்டை ஹெப்சியின் தட்டில் வைத்துவிட்டு, தனக்கு வால்துண்டுதான் பிடிக்கும் என்றான்.

நான் நம்பவில்லை.